பன்னிரண்டு பார்

1

என் மகள் பன்னிரண்டு பார்களுக்குப் போய்வருகிறாள் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ரெலிபோனில் செவன் கிங்ஸ் அக்கா. என் மனைவி றெஜினாவின் மூத்தவர், செவன் கிங்ஸ் என்ற இடத்தில் இருப்பவர். அவருடைய குரலுக்கு ரெலிபோன் கம்பி தேவையில்லை. றெஜினா ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தும் அடுத்த அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"உன்ர பெட்டை தன்ர வாயாலை சொன்னவள். அதுவும் கோயில் வாசலிலை வைச்சு. 'பெரியம்மா, நான் இப்ப ட்வெல்வ் பார் பழகிறன்' எண்டு. ஒண்டு ரெண்டில்லையடி, பன்னிரண்டு!"

"பழகிறாளோ? என்னத்தைப் பழகிறாள்?"

"பாரிலை என்னத்தைப் பழகிறது? தேவாரமோ?"

டிலானி ஏ லெவல் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டவள் சிரித்துச் சிரித்துக் கதவு நிலையில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய்த் தன் மின்சாரக் கிற்றாரைக் கொண்டுவந்தாள். பழைய சாமான் கடையில் வாங்கியது. கீழே நகைக்கடை, பக்கத்தில் சேலைக்கடை, மேலே நாங்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் கடைகளுக்கு மேல் குடியிருப்பவர்கள் மெதுவாக நடக்கவும் மெதுவாகச் சண்டை பிடிக்கவும் பழகியவர்கள். அதனால் அவள் அம்பிளிபயரில் பொருத்தாமலே வாசித்துக் காட்டினாள்.

"அம்மா, மியூசிக்கில பார் எண்டா ஒரு சின்னத் துண்டு. பன்னிரண்டு துண்டு முடிய, திரும்ப முதல்ல இருந்து."

"முடிஞ்சால் முடிஞ்சதுதானே? பிறகேன் முதல்ல இருந்து?"

டிலானி திரும்ப முதலில் இருந்து வாசித்தாள். நான் டிலானியின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்தது. போயிற்று. அதற்கடுத்து எங்கே என்றும் தெரிந்தது. அங்கும் போயிற்று.

"இது செக்கு!" என்றேன்.

"வாட்?"

"செக்கு. எங்கட செக்கு."

"இல்லையப்பா. திஸ் இஸ் புளூஸ்."

2

ஊரில் எங்களுக்கு ஒரு கோஷ்டி இருந்தது. எழுபதுகளில். கலியாண வீடு, கோயில் பெருநாள், பள்ளிக்கூடக் கானிவேல் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவோம். யோகன் பாட்டு. குலம் ட்ரம்ஸ். நான் லீட் கிற்றார். பைலா, தமிழ்ப் பொப், இடையிடையே கூட்டத்தை மிரட்ட ஓர் ஆங்கிலப் பாட்டு. இசைக் குறிப்பை வாசிக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. கொழும்பு வானொலியின் ஆங்கில நேரத்தில் பாட்டுப் போகும். யோகன் சொல்லைப் பிடிப்பான், நான் கையைப் பிடிப்பேன். அவன் பிடித்த சொல்லில் பாதி பிழை. நான் பிடித்ததில் எவ்வளவு பிழை என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அந்த ஆங்கிலப் பாட்டுகளில் பல ஒரே பாதையில் போவதைக் கண்டுபிடித்தோம். வீட்டில் தொடங்கி, கொஞ்சத் தூரம் போய், திரும்ப வீட்டுக்கு வந்து, பிறகு இன்னும் தூரம் போய், வந்து, மறுபடியும் அதே சுற்று. குலம் அதற்குச் செக்கு என்று பெயர் வைத்தான். "இந்தப் பாட்டு செக்குத்தான்ரா, கண்ணை மூடிக்கொண்டு அடி" என்பான். மாடு மாதிரிச் சுற்றினோம். வேகமாகச் சுற்றினோம். வேகம்தான் எங்களுக்கு வெள்ளைக்காரத்தனம். நீண்ட தலைமயிர் வைத்த லண்டன் பொடியன்கள் தங்கள் மூளையில் இருந்து எடுத்தது இது என்று நம்பினோம். நாங்களும் மயிர் வளர்த்தோம்.

அதிலும் பெரிய வேடிக்கை ஒன்று. சில பாட்டுகளின் நடுவில் கிற்றார் கரகரவென்று கிழியும். வானொலிக் கோளாறு என்று நினைத்து அந்த இடத்தை நான் சுத்தமாக, பளிங்குபோல வாசித்து வந்தேன். திருத்தி வாசிக்கிறேன் என்று பெருமை வேறு. அந்தக் கரகரப்பை ஒருவன் வேண்டுமென்றே உண்டாக்கினான், அதற்காக ஒலிபெருக்கியையே கிழித்தவர்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் இங்கே வந்து, நான் வேலை செய்யும் பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வானொலி கேட்டபோதுதான் தெரிந்தது. இங்கே அலைவரிசை துல்லியம். கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

3

அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் உள்ளே, உலகம் வெளியே. இடையில் ஒரு தட்டு இழுப்பறை. பணம் அதில் வரும், சில்லறை அதில் போகும். ஒலிவாங்கியில் குனிந்து பம்ப் இலக்கத்தைச் சொல்வேன். நான் என்ன சொன்னாலும் வெளியே கேட்பது இலக்கம்தான்.

நூலகத்தில் இருந்து டிலானி கொண்டுவரும் புளூஸ் கசெட்டுகளை அங்கே கேட்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் தெற்கே, ஒரு பேராற்றின் வண்டல் நிலத்தில், பருத்திக் காட்டில் பிறந்த ஓசை. அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அடிமைத்தனம் சட்டத்தில் முடிந்திருந்தது, காட்டில் முடியவில்லை. தபாலில் வரவழைத்த மலிவுக் கிற்றார்கள். போத்தல் கழுத்தை உடைத்து விரலில் மாட்டி நரம்பின்மேல் வழுக்கினார்கள். கிற்றார் மனிதக் குரலில் அழுதது. சுரத்தை அதன் வீட்டில் இருக்க விடாமல் நரம்பை இழுத்தார்கள். நமது வீணைக்காரர் இழுப்பதை நாம் தலையாட்டிக் கேட்போம். இவர்கள் இழுத்தபோது தலையாட்ட ஆளில்லாத வராந்தைகளில் இருந்து இழுத்தார்கள்.

பிறகு ரயில். வடக்கே வேலை இருக்கிறது என்று சனம் ஏறியது. கிற்றாரும் ஏறியது. நகரத்து மதுக்கடைகளின் இரைச்சலில் மரக் கிற்றாரின் குரல் எடுபடவில்லை, மின்சாரத்தில் கொளுவினார்கள். (போருக்குள் மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்கும் ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதக் கை கூசுகிறது.) கொளுவியதும் அழுகை அதட்டலாகியது. அந்த இசைத்தட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தன. லண்டனின் ஓரத்து ஊர்களில், வரிசை வீடுகளின் மாடி அறைகளில், வெள்ளைப் பொடியன்கள் இசைத்தட்டை விரலால் அழுத்தி மெதுவாகச் சுற்றவிட்டு அந்தக் கைகளைக் கற்றார்கள். கற்றதும் வேகமாக்கினார்கள், சத்தமாக்கினார்கள். அதற்கு றொக் என்று பெயர் ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்தது. அங்கேயும் கறுத்தக் கைகள்தான் முதலில் அதை ஓடவிட்டவை. இவர்கள் அதைப் புதுச்சட்டை போட்டு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்கா வியந்து கைதட்டியது, தன் வீட்டுப் பிள்ளையை அடையாளம் தெரியாமல்.

"அவை எடுத்திட்டினம் அப்பா," என்றாள் டிலானி. "கன பாட்டில எழுதின ஆக்களின்ர பேரே போடேல்ல. இட்ஸ் நொட் ஃபேர்."

"நாங்களும் எடுத்தனாங்கள்தானே பிள்ளை."

"நீங்கள் ஆரிட்ட எடுக்கிறம் எண்டே தெரியாமல் எடுத்தனீங்கள். தட்ஸ் வேர்ஸ்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "கொஞ்சம்தான் வேர்ஸ்," என்றாள்.

மகள் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பவள். கோபம் என்றால் முழுக்க ஆங்கிலம். நான் ஆங்கிலத்தில் தொடங்கி எங்கேயும் முடிக்காதவன். இருவரும் சந்திக்கும் இடம் வரவரச் சிறுத்துக்கொண்டு வந்தது. இந்தக் கசெட்டுகளின் நீளத்துக்கு அது கொஞ்சம் அகன்றது.

4

அந்தக் கோடையில் கனடாவில் இருந்து யோகன் ரெலிபோன் எடுத்தான்.

"மச்சான், என்ர பெடியனுக்குக் கலியாணம். குலம் இஞ்ச ரொறொன்ரோவிலதான். பேஸ் கிற்றார் வாசிக்க என்ர மருமகன் ஒருத்தன் இருக்கிறான். நீ வாறாய். எல்லாரும் ஒருக்கால் மேடையில ஏறுறம்."

"பாப்பம்."

"என்ன பாப்பம்? குலத்துக்கு நெஞ்சு வருத்தம், தெரியுமெல்லோ? டொக்டர் தடியைத் தொடாதை எண்டிட்டான். உன்னோட ஒரேயொரு பாட்டு அடிச்சிட்டு விடுறன் எண்டு நிக்கிறான். நீ வராட்டி அவன் அடிக்கமாட்டான். அவ்வளவுதான் கதை."

ரெலிபோனை வைத்த பிறகு வெகுநேரம் வைத்த இடத்திலேயே நின்றேன். குலம் கடைசியாக ஒரு பாட்டு அடிக்கப் போகிறான். அதில் நான் இருக்கவேண்டும். இவ்வளவுதான். இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனிதனுக்கு இருக்கமுடியாது. ஆனால் என்னுடைய பாஸ்போர்ட் குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தில் இருந்தது.

இங்கே எங்களை இருக்கவிட்டிருக்கும் அனுமதிக்குப் பெயர் 'லீவ்'. ஊரில் லீவு என்றால் வேலைக்குப் போகாத நாள். இங்கே அதே சொல்லுக்குப் போ என்றும் பொருள், இருக்கலாம் என்ற அனுமதி என்றும் பொருள். போவதையும் இருப்பதையும் ஒரே சொல்லில் வைத்த மொழியில் என் தலைவிதி எழுதப்பட்டிருக்கிறது. அந்த லீவு முடியும்போதெல்லாம் புதுப்பிக்கக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் பாஸ்போர்ட் அங்கேயே தங்கிவிடும். எவ்வளவு காலம் என்று கேட்டால், வரிசையில் இருக்கிறது என்பார்கள். பாஸ்போர்ட்டும் வரிசையில் நிற்கிறது, என்னைப் போல.

டிலானியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போனேன். உயரமான கட்டடம். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம்பெண். இங்கே நான் வெளிப்பக்கம் என்பதுதான் வித்தியாசம். கலியாணம், ரொறொன்ரோ, ஒரு கிழமை, பாஸ்போர்ட்டைத் தந்தால் திருப்பித் தந்துவிடுவேன் என்று ரயிலில் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"டூ யூ வோண்ட் டு லீவ்?"

லீவ்! எனக்கு உரிய சொல். அதற்காகத்தானே வந்திருக்கிறேன்.

"யெஸ், யெஸ். லீவ். வெரி மச்."

அவளுடைய பேனா எழுதத் தொடங்கியது. டிலானி என்னை இடித்துக்கொண்டு முன்னே பாய்ந்தாள். "நோ, நோ, நோ! ஹி வோண்ட்ஸ் டு ஸ்டே!" அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கதைத்தது மிக வேகமாக இருந்தது. நான் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடையில் ஒரு தடவை அந்தப் பெண் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தாள்.

திரும்பும் ரயிலில் டிலானி விளக்கினாள்.

"பாஸ்போர்ட்டை எடுக்கலாமாம் அப்பா. எடுத்தா அப்ளிக்கேசனும் கான்சல். பிறகு திரும்பி உள்ளுக்கு வரேலாது."

"அப்ப போகலாம்."

"போகலாம். வரேலாது."

"நான் முதல்ல சொன்னதை எழுதிப்போட்டாளோ?"

"பாதி எழுதிட்டா. வெட்டச் சொன்னனான்." யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நீங்கள் நாட்டை விட்டுப் போறன் எண்டு சொன்னனீங்கள். வெரி மச் எண்டு வேற," என்றாள். அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. ரயில் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்க்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் யோசித்துப் பார்த்தேன். கதவு எல்லாம் திறந்துதான் இருக்கிறது. வெளியே போகத் தடையில்லை. இப்படி ஒரு சிறையை நான் கேள்விப்பட்டதில்லை.

5

ரெலிபோனிலேயே வாசிக்கும் யோசனை டிலானியுடையது. முதலில் சிரித்த யோகன் பிறகு பிடித்துக்கொண்டான். அங்கே வரவேற்பு பின்னேரத்துக்கு முன்னரே தொடங்கும்; இங்கே அப்போது நகைக்கடையும் சேலைக்கடையும் பூட்டியிருக்கும். மண்டபத்தில் வயரில்லாத ரெலிபோன் ஒன்று உண்டு, அதை மைக்கில் பிடிக்கிறேன் என்றான்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், அரிசி மூட்டையின் மேல் கதிரை, கதிரையின் மேல் அம்பிளிபயர். என் வாயளவு உயரம். ரெலிபோன் கைபிடியின் கேட்கும் பக்கம் என் காதில், பேசும் பக்கம் அம்பிளிபயரை நோக்கி. அதை டிலானி பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கிற்றார் என் மடியில். றெஜினா அடுக்களை வாசலில்.

"குலம் ரெடி," என்றது யோகனின் குரல். பின்னால் சனத்தின் இரைச்சல். தட்டுகள். யாரோ ஒரு குழந்தை. பிறகு குலத்தின் தடிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை நான்கு தடவை. அந்த ஓசையை ஆயிரம் பேரின் கைகளுக்குள்ளும் நான் கண்டுபிடிப்பேன்.

தொடங்கினோம். அந்த நாட்களில் கலியாண வீட்டை எழுப்பிய பாட்டு. பறக்கும் வேகம். மண்டபம் கூவியது. ஆடத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது.

முதல் சுற்று முடியுமுன்பே ஏதோ பிழை. குலம் பிந்தி வந்தான். என் கை விழுந்து, அந்த ஓசை சமுத்திரம் தாண்டிப் போய், அதைக் கேட்டுக் குலத்தின் தடி விழுந்து, அது திரும்ப என் காதுக்கு வருவதற்குள் ஓர் இமைப்பொழுது கழிந்துவிடுகிறது. நான் அவனுக்காகப் பொறுத்தேன். அவன் எனக்காகப் பொறுத்தான். நான் இன்னும் பொறுத்தேன்.

"அவையைக் கேக்காதீங்கோ அப்பா!" டிலானி காதுக்குள் கத்தினாள். "இட்ஸ் த லைன். உங்கட டைமில வாசியுங்கோ!"

சரியான யோசனைதான். குலத்தைக் கேட்காமல் வாசித்தால் பாட்டு ஓடும். இரண்டு தரம் முயன்றேன். அவனுடைய தடி விழும் இடத்தில் என் கை தானாக நின்று காத்தது. அவனைக் கேட்பதற்காகத்தானே இவ்வளவும். கேட்டேன். பாட்டு தளர்ந்தது. ஓட்டம் நடையானது. நடை, சுமையோடு நடக்கும் நடையானது.

மூன்றாவது சுற்றில் சுரங்களுக்கு இடையில் பெரிய இடைவெளிகள் திறந்தன. வேகத்தில் நரம்பை இழுக்க நேரமிருந்ததில்லை. தொட்டுவிட்டு ஓடுவதுதான் என் கைக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு சுரமும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டு நின்றது. இழுத்தேன். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே, பெயரில்லாத ஓரிடத்தில், நரம்பு போய் நின்று நடுங்கியது. ஊரில் வானொலிக் கோளாறு என்று நான் திருத்தி வாசித்த அத்தனையும் அங்கேதான் இருந்தது. பருத்திக் காட்டில் இருந்து லண்டன் மாடி அறைகள்வரை வந்து வேகம் பிடித்த பாட்டு, என் கையில் பின்னோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தது. றொக் கழன்றது. உள்ளே இருந்த பருத்திக் காட்டு ஆள் தெரிந்தார்.

"டேய் மச்சான்," யோகன் ரெலிபோனுக்குள் கிசுகிசுத்தான். "ஏன்ரா இழுக்கிறாய்?"

"நானோ? நீங்களெல்லோ இழுக்கிறியள்."

"குலம் உன்னைக் கேட்டுத்தான்ரா அடிக்கிறான்."

"நான் அவனைக் கேட்டுத்தான்ரா வாசிக்கிறன்."

கை நிற்கவில்லை. அங்கே தடியும் நிற்கவில்லை.

"சனம் ஆட்டத்தை விட்டிட்டுது," என்றான் யோகன்.

"பெடியன்ர கலியாணத்தைப் பழுதாக்கிப்போட்டன். நிப்பாட்டட்டோ?"

பதில் பிந்தி வந்தது. அது கம்பியின் தாமதமா, அவனுடைய தாமதமா தெரியவில்லை.

"நிப்பாட்டாதை," என்றான். "இருந்து கேக்குதுகள்."

6

கலியாண வீடியோ மாரி தொடங்கியபின் தபாலில் வந்தது. அதற்குள் குலம் போய்விட்டான். கடைசியாக அவன் அடித்தது எங்கள் பாட்டுத்தான் என்று யோகன் சொன்னான்.

றெஜினா செவன் கிங்ஸ் அக்காவையும் கூப்பிட்டிருந்தாள். தேவாலயம், மோதிரம், கேக், ஆளாளுக்கு முத்தம். எல்லாவற்றையும் ஓடவிட்டு டிலானி வரவேற்புக்கு வந்தாள். மேடை. குலம் கோட்டுப் போட்டு ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்தான். மெலிந்திருந்தான். தடிகளை உயர்த்தினான்.

வந்தது ஒரு சினிமாப் பாட்டு.

வீடியோக்காரர்கள் அப்படித்தான். மண்டபத்துச் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு, எல்லாருடைய கலியாணத்துக்கும் ஒட்டும் அதே பாட்டுகளை மேலே ஒட்டிவிடுவார்கள். வயலின்கள் பொங்கின. ஒரு பெண்குரல் வசந்தத்தை அழைத்தது. அதற்குள் குலம் அடித்துக்கொண்டிருந்தான்.

"வடிவான பாட்டு," என்றார் அக்கா. "உங்கட பாட்டு எங்கை?"

டிலானி எழுந்துபோய் ரீவியின் சத்தத்தை முழுவதும் குறைத்தாள். திரும்பி வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

சத்தமில்லாமல் பார்த்தோம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் குழம்பினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக் கைவிரித்தார்கள். ஒரு கிழவர் போய்க் கதிரையில் இருந்தார், பிறகு ஒவ்வொருவராக. மணப்பெண் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேடைப் படியில் இருந்தாள். குலத்தின் தடி உயர்ந்து, மேலேயே நின்று, எதையோ எதிர்பார்த்து, பிறகு இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அப்படி நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தான், ஒலிபெருக்கி இருந்த பக்கமாக.

மேடையின் நடுவில் யோகன். மாப்பிள்ளையின் தகப்பன், புதுக் கோட்டு, கழுத்துப்பட்டி. மைக்குக்கு முன்னால் முதுகை வளைத்து, ரெலிபோனை இரண்டு கைகளாலும் அதன் வாயில் பிடித்துக்கொண்டு நின்றான். கமெரா வேறு எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. அப்படியே நின்றான். மறுபடியும் போய் வந்தது. கால்கூட மாறவில்லை.

"கை உளைஞ்சிருக்கும்," என்றாள் றெஜினா.

குலத்தின் தடி அடுத்த தடவை மேலே போய் நின்றபோது, டிலானியின் விரல் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டியது. தடி இறங்கியது. அவள் தட்டிய ஓசைக்காகத்தான் அது அவ்வளவு நேரமும் காத்திருந்தது போல இருந்தது.